டீச்சர் உடைத்த பட்டன்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய டேப் ரெக்கார்டரில் வரிசையாக ஆறு பட்டன்கள் இருக்குமே, அதில் கடைசிப் பட்டனின் தலை. ஓடுகிற கேசட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடவைக்கும் பட்டன் அது. மேலே இரண்டு கோடு போட்டிருக்கும். அதில் ஒன்று விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தே போய்விட்டது. வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாராவது கிளம்பும்போதெல்லாம் இது குப்பைக்கூடைக்குப் போகும். நான் எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே போடுவேன். இது எதற்கு என்று மனைவி கேட்டால் ஆபீஸ் சாமான் என்று சொல்லிவிடுவேன். கீழ்க்கட்டளையில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஒரு டீச்சர் உடைத்தது என்று ஆரம்பித்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், அதில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய கருவிகளைப் பழக்கிக் கொடுக்கும் திட்டம். பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர், இருபத்து நான்கு கேசட். கேசட்டில் வரும் பாடங்களை எழுதியவன் நான். பேசியவர் தேன் மாதிரிக் குரல் கொண்ட ஒரு அம்மாள். "குழந்தைகளே, ஐந்தும் மூன்றும் எத்தனை?" என்று கேட்பார். இரண்டு விநாடி இடைவெளி. பிறகு, "ஆம், எட்டு. சரியாகச் சொன்னீர்கள்" என்பார். அந்த 'சரியாகச் சொன்னீர்கள்' என் சொந்தச் சரக்கு. குழந்தைகளை ஊக்கப்படுத்துகிறது என்று அதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார். நானும் அந்த வாக்கியத்தைப் பாடத்துக்குப் பத்துத் தடவை வீதம் எல்லாக் கேசட்டிலும் போட்டுவைத்தேன். யாரும் பதில் சொல்லாவிட்டாலும் அந்த அம்மாள் பாராட்டிவிட்டுப் போவார் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கருவியைக் கொடுத்துவிட்டால் போதும், பாடம் தானாக நடக்கும் என்று நம்பிய காலம். முதல் மாதமே அந்த நம்பிக்கை போயிற்று. பாதி வகுப்பறைகளில் பிளக் கிடையாது. தலைமையாசிரியர் அறையிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுக்க வேண்டும். தலைமையாசிரியர் பீரோவில் பூட்டிவைத்திருப்பார், சாவி அவர் இடுப்பில், அவர் ஏதாவது மீட்டிங்கில். ஒரு பள்ளியில் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்ததில் கேசட் போடும் இடத்தில் அது இறங்கிக் காய்ந்து, அம்மாளின் தேன்குரல் கரகரத்துப் போயிற்று. எதற்கு சார் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, வாய் இருக்கிற இடம் அதுதானே என்றார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, மொபெட்டை மிதித்துக் கிளப்பி அடுத்த ஊருக்குப் போவதுதான் என் உத்தியோகம்.

கீழ்க்கட்டளைப் பள்ளியில் இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது. அங்கே வேறு தொல்லை, டீச்சரேதான். நாற்பது வயது இருக்கும். உயரம் குறைவு, நடை வேகம். பீரோ சாவியைத் தலைமையாசிரியரான பெரிய சாரிடமிருந்து எப்படியோ வாங்கித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். தினமும் டேப் செட்டை எடுத்தார், தினமும் போட்டார். ஆனால் ஓடவிடமாட்டார். அம்மாள் ஒரு கேள்வி கேட்டவுடன் அந்தக் கடைசிப் பட்டனை அமுக்கிவிடுவார். பிறகு வரிசை வரிசையாகப் பிள்ளைகளைக் கேட்பார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் அமுக்குவார். பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் விசில் ஊதுவார்கள். அப்போதும் அமுக்குவார், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், வெடித்து முடிந்ததும் திரும்ப விடுவார். இருபது நிமிஷப் பாடம் அவர் வகுப்பில் மூன்று வாரம் நடந்தது.

பட்டன் எத்தனை நாள் தாங்கும்? முதல் தடவை உடைந்தபோது ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை ரேடியோ சாமான் விற்கிற ரிச்சி தெருவில் அலைந்து வேறு வாங்கிப் போட்டேன். டீச்சர், அது அவசரத்துக்கு வைத்திருக்கிற பட்டன், டேப் தன் பாட்டுக்கு ஓடட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்று பயிற்சியில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பசங்க வாயத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா பதில சொல்லிடறாங்க சார். 'இன்னா டீச்சர், நாங்க சொல்லவேயில்ல, அதுக்குள்ள கரீட்டுன்னுது'ன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

இதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. கேசட் வல்லுநர்கள் பார்த்து நேரம் குறித்துத் தயாரித்தது என்றேன். வல்லுநர் என்று நான் சொன்னது என்னைத்தான். ஸ்டுடியோவில் வாடகை மணி ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு விநாடிக்கு மேல் விடாதீர்கள் என்று நான்தான் அம்மாளிடம் சொல்லியிருந்தேன். அதை டீச்சரிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

ஆண்டுக் கடைசியில் படிவம் வந்தது. எத்தனை கேசட் முடிந்தது என்று ஒரே ஒரு கேள்வி. படப்பையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், தன்னிடம் கேசட் மட்டும் இருக்கிறது, செட் ரிப்பேராகிவிட்டது, வேறு கொடுத்தால் இருபத்து நான்கையும் ஒரே மாதத்தில் முடித்துக் காட்டுவதாக எழுதியிருந்தார். கீழ்க்கட்டளை டீச்சர் தன் படிவத்தில் மூன்று என்று எழுதியிருந்தார். மூன்று. கூசாமல் எழுதியிருந்தார். எங்களிடம் உபரி செட் கிடையாது. குறைவாகப் பயன்படுத்தும் பள்ளியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார் அதிகாரி, எதை எடுப்பது என்று என்னைக் கேட்டார். அந்த வாரம்தான் மூன்றாவது தடவையாகப் பட்டன் உடைந்துவிட்டது என்று டீச்சரிடமிருந்து சீட்டு வந்திருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கீழ்க்கட்டளை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விட்டது தலைவலி என்றுதான் அப்போது நினைத்தேன்.

எடுத்துவர நானே போனேன். படப்பைக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும் என்பதால் ஆபீஸ் வேன். கடிதம் முதல் நாளே போய்விட்டது. பெரிய சார் என் முகத்தைப் பார்க்காமல், வகுப்பு நடக்கிறது, முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையால் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். பட்டனின் தலை போய், கீழே இருந்த தகரக் காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஒன்றரை வருஷத்தில் அந்த வகுப்பில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதுவரை ரிப்பேர் பார்ப்பதும் படிவம் வாங்குவதும் கிளம்புவதுமாகவே இருந்திருக்கிறேன்.

"ஏழும் ஆறும் எத்தனை, குழந்தைகளே?" என்று அம்மாள் கேட்டார். டீச்சர் அமுக்கினார். கடைசி வரிசையில் சுவரோரமாக ஒரு பெண், குவாரியில் கல் உடைப்பவர்களின் பிள்ளை, தலைமுடியில்கூட வெள்ளைத் தூசி. அவளை எழுப்பினார். அவள் எழுந்து நின்று விரல்களைப் பார்த்தாள். விரல் போதவில்லை, பக்கத்துப் பெண்ணின் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விசில் ஊதினார்கள், வெடித்தது, ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது, அவள் முதலிலிருந்து எண்ணினாள். டீச்சர் காம்பிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார். ஒரு பிள்ளையும் குறுக்கே பதில் சொல்லவில்லை, அப்படிப் பழக்கியிருந்தார். கடைசியில் அவள் மெதுவாகப் பதிமூன்று என்றாள். டீச்சர் மறுபடி அமுக்கினார்.

"ஆம், பதிமூன்று. சரியாகச் சொன்னீர்கள்" என்றார் அம்மாள்.

அந்தப் பெண் செட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "என்னியா சொல்லுச்சு டீச்சர்?" என்று கேட்டாள்.

"உன்னத்தான்மா" என்றார் டீச்சர்.

நான் எழுதிய வாக்கியம் உண்மையானதை என் காதால் கேட்டது அந்த ஒரு தடவைதான். இதை மட்டும் சொல்லி நிறுத்திவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மணி அடித்ததும் நான் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினேன். உத்தரவு போயாயிற்று, வேன் வாசலில் நிற்கிறது, அதிகாரியிடம் போய் என்னவென்று சொல்வது? என் கையெழுத்து தப்பு என்றா? அதைச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது, அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். அந்த அசிங்கத்துக்குப் பயந்து ஐம்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க செட்டைத் தூக்கினேன். டீச்சர் தடுக்கவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். தன் பையைத் திறந்து, நோட்டுத்தாளில் மடித்துவைத்திருந்த உடைந்த பட்டனை எடுத்துக் கொடுத்தார்.

"இத ஒட்டிக் குடுத்துடுங்க சார். அந்த ஊர்ப் பசங்களுக்கும் வேணும்ல."

படப்பைக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தது. அங்கே தலைமையாசிரியர் வாசலுக்கே வந்து வரவேற்று, சோடா வாங்கிக் கொடுத்து, கேசட் பெட்டியைக் காட்டினார். இருபத்து நான்கும் வந்தபடியே இருந்தன. ஒன்றின் மேல்கூட ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் பிரியவில்லை. செட்டை மேசையில் வைத்து, கறை படிந்த தகரக் காம்பைக் காட்டி, இந்தப் பட்டன் உடைந்திருக்கிறது சார், இரண்டு நாளில் வந்து ஒட்டித் தருகிறேன் என்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கென்ன சார், பரவாயில்ல. நாங்க எங்க நிறுத்தப் போறோம்?"

பட்டனை நான் வெளியே எடுக்கவில்லை. சொன்னபடியே ஒரு மாதத்தில் இருபத்து நான்கும் முடிந்தது என்று அவரிடமிருந்து படிவம் வந்தது. அதிகாரி அதை எல்லாப் பள்ளிக்கும் நகல் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், கீழ்க்கட்டளைக்கும். அடுத்த வருஷம் திட்டமே மூடப்பட்டது. டீச்சரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல தடவை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். பள்ளியின் வாசல் தெரிந்ததும் நேரே மேடவாக்கம் போய்விடுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் துணிந்து உள்ளே போனபோது அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் புதிதாக வந்த பெரிய திரையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், அந்தக் காலத்திலேயே இந்த வேலை பார்த்தவர் என்று. சால்வை எல்லாம் போட்டார்கள். திரையில் ஒரு முயல் வந்து குதித்து, எட்டும் நான்கும் எத்தனை என்று கேட்டது. பிள்ளைகள் மூச்சு இழுப்பதற்குள் பன்னிரண்டு என்று அதுவே சொல்லி, வெரிகுட் என்று பூவைக் கொட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இரண்டு விநாடிகூட நீளவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் நின்ற இளம் டீச்சரிடம் கொஞ்சம் நிறுத்தும்மா, பிள்ளைகள் சொல்லட்டும் என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் பதறிப்போய், நிறுத்தக்கூடாது என்று டிரெய்னிங்கில் சொல்லியிருக்கிறார்கள் சார் என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, தேய்ந்த அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.