பலகையில் ஒரு ஜோடி செருப்பு

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அன்னிக்குக் குடிச்சிருந்தியா?" என்றுதான். டீயைத் தவிர எதையும் தொடாதவன் நான். அன்று அதுவும் இல்லை. பாலைப் பூனை குடித்துவிட்டது. மூன்று வருடமாகியும் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. நேரத்தைக்கூட அன்று சுவர்க் கடிகாரத்தில் பார்த்தபடியே எழுதுகிறேன்.

எங்களுடையது சின்னத் தீவு. கரையோரம் நாற்பது வீடுகள். எதிரே கடலுக்குள் பவளப்பாறை மதில் மாதிரி நீண்டு கிடக்கிறது. நடுவே ஒரே ஒரு வழி, இரண்டு படகு அகலம். இருட்டில் அந்த வழியைப் பிடிக்க வேண்டுமானால் கரையில் விளக்கு எரிய வேண்டும். படகுக் கொட்டகையின் கூரைமேல் இருக்கிறது அந்த விளக்கு. பின்பக்க அறையில் ஜெனரேட்டர். இரண்டையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

எப்போது அணைப்பது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் செருப்போடு படகில் ஏறமாட்டார்கள். கொட்டகையில் உள்ள நீளப் பலகையில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் மாட்டிக்கொண்டு, "எடுத்தாச்சு" என்று எனக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். பலகை காலியானால் கடலில் ஆள் இல்லை என்று அர்த்தம். அடுத்தவர் செருப்பை எங்கள் ஊரில் குழந்தைகூடத் தொடாது. டீசலோ வெளியிலிருந்து வர வேண்டும். வீணாக எரித்தால் ஊரே சேர்ந்து என்னை எரித்துவிடும்.

அன்று மதியம் பதினோரு படகு போனது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது. ஆறு இருபதுக்கு விளக்கைப் போட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள், செருப்பை எடுத்தார்கள், குரல் கொடுத்தார்கள். ஏழு ஐந்துக்குப் பலகையில் ஒரே ஒரு ஜோடி மிச்சம்.

என் மாப்பிள்ளையுடையது. தங்கச்சி புருஷன். தனியாகத்தான் கடலுக்குப் போவார். மகா கஞ்சன். அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி அந்த நீலச் செருப்பை ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தார். நடந்தால், சப்... டிக்... சப்... டிக்... என்று ஊக்குத் தரையில் தட்டும். மணி கட்டிய மாடு என்று கேலி செய்வேன். அன்று கேலி வரவில்லை. பாறைக்கு அப்பால் போனும் எடுக்காது.

ஏழு பதினெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன்.

சப்... டிக்... சப்... டிக்...

தெருப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது. "மாப்ளே!" என்று கூப்பிட்டேன். சத்தம் நிற்காமல் போனது. பலகை காலி.

சிமெண்டுத் தரையில் ஈரக் கால் தடங்கள். கடலிலிருந்து வருபவர் கடல் பக்க வாசலில்தான் நுழைவார். இந்தத் தடங்கள் தெரு வாசலிலிருந்து வந்திருந்தன. மழைக்குச் சுற்றிக்கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். "எடுத்தாச்சு" சொல்லாதது உறுத்தியது. படகைத் தேடலாமென்றால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அணைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு இருபத்தாறு. போன். தங்கச்சி.

"அண்ணே, அவரு வந்துட்டாரு. விளக்கை அணைச்சிடு."

"சாப்டாரா?"

"வேணாங்கிறாரு. குளிருதாம்."

"சரி, அணைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தினேன். ஏழு இருபத்தொன்பது.

மழையும் நின்றிருந்தது. கொட்டகையைப் பூட்டச் சாவியை எடுத்தேன்.

"மச்சா...ன்..."

கடலிலிருந்து வந்தது.

"மச்சான்... விளக்கு... விளக்கைப் போடு..."

மாப்பிள்ளையின் குரல்.

சாவியைப் பலகையில் போட்டேன். தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே எங்க?"

"இங்கதான் படுத்திருக்காரு. போர்த்திக்கிட்டு, சுவரைப் பாத்துக்கிட்டு. ஏண்ணே?"

வெளியே மறுபடியும்... "மச்சான்... பாறை கிட்ட வந்துடுச்சு... போடு..."

ஒரே ஆள். வீட்டில் படுத்திருக்கிறார். கடலில் கத்துகிறார்.

எது பொய்?

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கடலில் கேட்பது பொய்யென்றால் கொஞ்சம் டீசல்தான் போகும். நிஜமென்றால்...

ஓடினேன். ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். பிடிக்கவில்லை.

மறுபடியும் இழுத்தேன். பிடிக்கவில்லை.

"மச்சா..."

பாதியில் குரல் நின்றது.

மூன்றாவது இழுப்பு. உறுமியது.

ஏழு முப்பத்தேழு. விளக்கு எரிந்தது.

நான்கு நிமிடம். என் வாழ்நாளிலேயே நீளமான நான்கு நிமிடம். பிறகு இன்ஜின் சத்தம்.

படகு மணலில் ஏறியது. ஒரு பக்கப் பலகை பிளந்திருந்தது. மாப்பிள்ளை இறங்கினார். நெற்றியில் ரத்தம்.

வெறுங்கால்.

"ஏன் மச்சான் அணைச்சே?"

போனை எடுத்தேன்.

"வெளிய வா. இப்பவே."

"அவரு தூங்குறாரு..."

"எழுப்பாதே. திரும்பிப் பாக்காதே. வா."

ஓடினோம். தங்கச்சி தெருவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் வந்தவரைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் உள்ளே போனோம். ஆள் இல்லை. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் கம்பி. பாய் மட்டும் நனைந்து கிடந்தது. பாயிலிருந்த தண்ணீரை மாப்பிள்ளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

பாயோரம் நீலச் செருப்பு, ஊக்கோடு.

மறுநாள் அதை எரித்தோம். மாப்பிள்ளை இன்னமும் கடலுக்குப் போகிறார். இப்போது பலகையை நான் நம்புவதில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அணைக்கிறேன். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறியா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம், மாப்பிள்ளை கடலில் இருந்த நேரம், தங்கச்சி கொட்டகைக்கு வந்தாள். மூன்று வருடமாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை என்னிடம் சொன்னாள்.

"அன்னிக்கு நானா உனக்குப் போன் பண்ணலண்ணே. வந்தவருதான் பண்ணச் சொன்னாரு. துண்டால தலையைத் துவட்டிக்கிட்டே இருந்தாரு. முகத்தையே காட்டல. 'உங்க அண்ணன்கிட்ட விளக்கை அணைக்கச் சொல்லு'ன்னு மூணு தடவை சொன்னாரு."

"அப்புறம்?"

"அணைச்சாச்சுன்னு சொன்னேன்."

பலகையில் இருந்த மாப்பிள்ளையின் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'சரி, இனிமே அவன் வரமாட்டான்'னு சொல்லிட்டுப் படுத்தாருண்ணே."