வெர்னாவின் கட்டைவிரல்

இராணுவத்துக்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்பதில் கருத்து இல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், இராணுவ முகாமின் வேலியை ஒட்டிய ஊர் இது. பாதிப் பேர் ஓய்வு பெற்ற சிப்பாய்கள், மீதிப் பேர் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டு மாட்டிக்கொண்டவர்கள். சனிக்கிழமை காலையில் என் துப்பாக்கிக் கடையில் காப்பி சும்மா கிடைக்கும். அதைக் குடித்துக்கொண்டு இரண்டு வருஷம் இந்த ஒரே விஷயத்தைப் பேசித் தீர்த்தார்கள். பழைய துப்பாக்கியை மாற்றப் போகிறார்கள், இரண்டு புதியவை கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன என்பதுதான் விஷயம்.

அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் வெர்னா ஹோல்கம். முகாமின் ஆயுதப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறாள். அதற்கு முன்னால் அவளும் இராணுவப் போலீஸில் இருந்தவள்தான். உயரம் ஐந்தடியைத் தாண்டி ஓர் அங்குலம். கை அதற்கேற்ற கை. இருபது வயதில் அவளுக்குக் கொடுத்த துப்பாக்கியின் பிடி தடி மாதிரி இருந்ததாம். சுற்றிப் பிடித்தால் விசைக்கு விரல் நுனி மட்டும்தான் எட்டும். குறி பார்த்துச் சுடும் தேர்வில் மூன்று முறை தோற்றாள். "கை வளந்ததும் வா" என்று பயிற்சி சார்ஜென்ட் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். நாலாவது முறை, துப்பாக்கியைக் கோணலாகப் பிடித்து, மணிக்கட்டு வீங்க வீங்கத் தேறினாள். அதற்குள் அவளோடு சேர்ந்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்து போயிருந்தது.

அதனால் அவளுக்கு இந்த விவாதம் பொழுதுபோக்கு இல்லை. புதியவற்றில் ஒன்றுக்குப் பிடியைக் கழற்றிச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாட்டிக்கொள்ளலாம். அவள் அதன் பக்கம். இன்னொன்று பழையதின் தம்பி மாதிரி, அதே தடிப்பிடி. டூயி ராக்லின் அதன் பக்கம். டூயி முப்பது வருஷம் சார்ஜென்டாக இருந்து குரலைப் பெரிதாக்கிக்கொண்டவன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அவன் கட்சிதான்.

"பிடியக் கழட்டி மாட்டுறதுக்கு அது என்ன, பொம்மையா?" என்பான் டூயி.

"உன் பூட்ஸ் என்ன அளவு, டூயி?"

"பதிமூணு. எதுக்கு?"

"எனக்கு அஞ்சு. உன் பூட்ஸ எனக்குக் குடுத்து ஓடச் சொன்னா ஓடுவேனா? காலுக்கு அளவு உண்டுன்னு ஒத்துக்கிட்ட இராணுவம், கைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல?"

டூயி பிஸ்கட்டைக் காப்பியில் முக்கி வாயை அடைத்துக்கொள்வான்.

இரண்டு துப்பாக்கிகளும் சோதனைக்காகப் பல முகாம்களுக்குப் போயின. எங்கள் முகாமுக்கும் வந்தன. கேப்டன் லிண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் பொறுப்பாளர். பட்டறையின் சார்பில் அறிக்கை எழுத வேண்டியவள் வெர்னா. பழைய ஆட்கள் சிலரையும் சுட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள், நானும் டூயியும் போனோம். இங்கே தோற்றால் இன்னும் முப்பது வருஷத்துக்குச் சின்னக் கைக்காரர்கள் தடிப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று காரில் வரும்போதே வெர்னா சொன்னாள்.

அவள் முறை வந்தது. சின்னப் பிடி மாட்டிய துப்பாக்கி, பூட்டிய நிலையில் இடுப்பு உறையில். மணி அடித்ததும் உருவினாள். பழையதில் பூட்டுக் கொக்கியைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால்தான் சுடும். இதில் கீழே அழுத்த வேண்டும். அவளுக்கு அது தெரியாமலில்லை. இதைக் கழற்றிப் பூட்டி எங்களுக்கெல்லாம் விளக்கியவளே அவள்தான். ஆனாலும் அவள் கட்டைவிரல் மேலே தள்ளியது. விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். நேரம் முடிந்தது.

டூயி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "என்ன வெர்னா, பொம்ம சுடலியா?"

நானும் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கேப்டன் அவளைத் தனியாக அழைத்தார். தனி என்றாலும் எங்கள் காதுக்கு எட்டும் தூரம்தான். "துப்பாக்கில கோளாறு இல்ல, சுட்டவங்க கைத்தவறு. இத அறிக்கைல சேக்கணும்னு அவசியம் இல்ல. இன்னொரு தடவ சுட்டுடுங்க."

"பழசுல பழகின ஒவ்வொரு விரலும் இதத்தான் செய்யும், கேப்டன். எழுதத்தான் வேணும்."

"எழுதினா நீங்க கேக்குற துப்பாக்கியே தோத்துடலாம். தெரியும்ல?"

"தெரியும். மறைச்சா, எங்கியோ ஒரு பையன் என்ன மாதிரியே மேல தள்ளிட்டு நிப்பான். எதிர்ல இருக்கறவன் இன்னொரு தடவ சுட விடுவானா?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அறிக்கைக்குப் பத்து நாள் இருந்தது. அன்று முதல் வெர்னா வேலை முடிந்ததும் பட்டறையிலேயே, தோட்டா இல்லாத அந்தத் துப்பாக்கியை உருவிக் கீழே அழுத்தி, உருவிக் கீழே அழுத்தி, தினம் நானூறு முறை. பத்தாவது நாள் கேப்டன் முன்னால் இருபது முறை உருவினாள். இருபதும் சுட்டது. அறிக்கையில் தன் பெயரைப் போட்டு, தான் செய்த தவறைப் போட்டு, கீழே இப்படி எழுதினாள்: 'பழக்கத்தை மாற்ற எனக்கு ஒன்பது நாள் ஆனது. விரலை நீளமாக்க முப்பத்திரண்டு வருஷமாக முடியவில்லை.'

அவள் கேட்ட துப்பாக்கிதான் வந்தது. அவள் அறிக்கையால்தான் என்று சொல்ல மாட்டேன், எத்தனையோ முகாம்கள், எத்தனையோ காகிதங்கள். ஆனால் எங்கள் முகாமில் பழையதில் பழகினவர் அத்தனை பேருக்கும் கட்டைவிரல் பயிற்சி கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள். அது அவளால்தான். பட்டியலில் முதல் பெயரும் அவளுடையதே. விசாரித்தால், அவளே போய் எழுதிக்கொண்டாளாம்.

பயிற்சியை வேடிக்கை பார்க்க நானும் டூயியும் போயிருந்தோம். பயிற்சி கொடுத்தவள் கார்ப்பரல் டோசா, இருபத்திரண்டு வயது. புதியதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. வெர்னா பட்டறையில் இன்னமும் பழையவற்றையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் விரல் மறுபடி முரண்டு பிடித்தது.

"மேல இல்ல மேடம், கீழ! திரும்பப் பண்ணுங்க!"

"சரி, கார்ப்பரல்" என்று முனகாமல் திரும்பச் செய்தாள்.

இடைவேளையில் வெர்னா அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெர்னாவின் கையைவிடச் சின்னது.

"உனக்கு இதப் புடிக்கச் சிரமமா இருந்துச்சா, கார்ப்பரல்? மொதல்ல குடுத்தப்போ?"

டோசாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. துப்பாக்கியை ஒரு முறை பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"இதையா? இதுல சிரமப்பட என்ன மேடம் இருக்கு?"

வெர்னா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டூயி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் பதிமூணாம் நம்பர் பூட்ஸை நன்றாக மிதித்தேன்.