நாற்பது ஏக்கரைக் குறைத்த ஹனீபா நானா

ஹனீபா நானா போன செய்தி நோர்வூட் கடைத்தெருவில் எனக்குத்தான் முதலில் வந்தது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத தேயிலைக் கொழுந்து லொறியை அட்டன் வரைக்கும் நான் ஒற்றைக் கையால் ஓட்டிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறி வளைவில் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் போன் அடித்தது. நானாவின் மகன் ரிஸ்வான். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றான்.

போனை மேசையில் வைத்துவிட்டு, "நானா போயிட்டாருப்பா" என்றேன்.

"எங்கண்ணே போனாரு, ஒங்க லொறியிலயா?" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானா நோயில் கிடப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நான் சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கடையில் சத்தம் நின்றது.

ஜனாஸா அடக்கத்துக்கு வந்த கூட்டம் நோர்வூட்டிலிருந்து அட்டன் வரை நின்றது. நானா கேட்டிருந்தால், "பாதியாக் கொறங்க மச்சான்" என்றிருப்பார். சரி, பாதி வழி வரை நின்றது. "இன்னும் கொறங்க" என்பார். பாலம் வரை நின்றது. அது உண்மை, ஊரே பார்த்தது.

அவருடைய புடவைக் கடையில் சேலை வாங்காத வீடு இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்காது. நான் தோட்டத்து லொறி ஓட்டியவன். இந்த மலையில் எனக்கு நிகராக ஸ்டியரிங் பிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் அவர் கடை முக்காலியில் நான் உட்கார்ந்தால், சேலை பார்க்க வந்த பெண்கள் சேலையை விட்டுவிட்டு என் கதையைக் கேட்பார்கள். நானா துணியை மடித்துக்கொண்டே கேட்பார். இடைக்கிடை தலை நிமிராமல், "பாதியா" என்பார். நான் குறைத்துச் சொல்லிவிட்டு மேலே போவேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் வளர்ந்தது.

கதைகளில் பெரியது எங்கள் நிலத்தின் கதை. தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் கீழக்காடு என்ற ஊரில் என் தாத்தா கருப்பண்ணனுக்கு நிலம் இருந்தது என்று எங்கள் அப்பா சொல்லுவார். நான் லொறியில் சேர்ந்தபோது அது பத்து ஏக்கர். உரம் போடாமல், தண்ணீர் பாய்ச்சாமல் அது வளர்ந்தது. என் மூத்த மகள் கல்யாணத்துக்குள் நாற்பது ஏக்கராகி, நடுவில் ஒரு கிணறும் மச்சு வீடும் முளைத்துவிட்டன. இதைப் பொய் என்று நினைத்து நான் சொன்னதில்லை. தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த லயத்து அறையில் மழை ஒழுகும்போது அந்த மச்சு வீட்டை நினைத்துக்கொண்டால் எனக்குக் குளிராது. என் மனைவி பாக்கியத்துக்குக் குளிரும். சட்டி, பானை, வாளி எல்லாவற்றையும் ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு, "ஒங்க நாப்பது ஏக்கருல ஒரு தகரம் கூடவா கெடையாது?" என்பாள்.

பிறகுதான் எங்கள் தோட்டத்தில் வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கொடுக்கும் பேச்சு வந்தது. தை பிறப்பதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம் துண்டு அடுத்தவருக்குப் போய்விடும். பாக்கியம் துள்ளினாள். நான் மறுத்துவிட்டேன். நாற்பது ஏக்கருக்கு வாரிசு, ஏழு பேர்ச்சுக்குக் கை நீட்டுவதா? இதை நானாவின் கடையில் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

நானா முதல் தடவையாகத் துணி மடிப்பதை நிறுத்தினார். "கத நல்லம் மச்சான். ஆனா மழ வந்தா அதுக்குள்ள போய்ப் படுக்க ஏலாது" என்றார். பிறகு, "நான் அடுத்த மாசம் திருச்சிக்குச் சேல எடுக்கப் போறன். நீங்களும் வாங்க. எங்க ஈக்கிது ஒங்கட காணின்னு காட்டுங்க பாப்பம்" என்றார்.

போனோம். விமானத்தில் நான் ஏறியதும் அது என் பக்கமாகச் சாய்ந்தது. விமானி வெளியே வந்து, நான் லொறி ஓட்டியவன் என்று கேள்விப்பட்டு மலை ஏற்றத்தில் கியர் போடுவது பற்றிச் சந்தேகம் கேட்டார். நானா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் குறைக்கவில்லை.

கீழக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவியிடம் தாத்தா பேரைச் சொல்லி விசாரித்தேன். "கருப்பண்ணன் பேரனா? சிலோனுக்குப் போன ஆளுங்களா?" என்றாள்.

"ஆமாத்தா. எங்க தாத்தா நெலம் எந்தப் பக்கம்?"

"நெலமா? நெலம் இருந்தவன் எவன்யா கப்பலேறுனான்? கஞ்சிக்கு வழியில்லாமத்தான போனாங்க."

ஒரு கையால் ஆட்டை இழுத்துக்கொண்டு, மறு கையால் எங்கள் பங்காளி வீட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். தாத்தாவின் தம்பி பேரன் வீரமலையின் வீடு அது. என்னை யார் என்று சொன்னதும் அவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். உள்ளே திரும்பி, "அடியே, எஸ்டேட்டுக்காரங்க வந்துட்டாங்கடி! நான் சொன்னப்ப சிரிச்சியே!" என்று கத்தினான்.

விஷயம் இதுதான். சிலோனுக்குப் போன கருப்பண்ணன் ஒரு தேயிலை மலையையே வாங்கிவிட்டார், அவர் வாரிசுகள் ஒருநாள் வந்து நமக்கு மச்சு வீடு கட்டித் தருவார்கள் என்று அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கதை. அந்த நம்பிக்கையில் வீரமலை கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றாமலே இருந்தான். உள்ளே சட்டியும் பானையும் எங்கள் லயத்து அறையில் இருந்ததைப் போலவே அங்கங்கே வைத்திருந்தார்கள்.

நானா சிரித்தார். நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

"நம்ம எஸ்டேட் எத்தன ஏக்கருண்ணே?" என்று கேட்டான் வீரமலை. என் வாய் தானாகத் திறந்தது. பங்களா, வெள்ளைக் குதிரை, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. நானா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்த உடைந்த ஓடுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எஸ்டேட்டு இல்ல தம்பி. நாங்க கூலிக்குக் கொழுந்து எடுத்த ஆளுங்க. இப்ப ஏழு பேர்ச் தர்றோம்னு சொல்றாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

பழக்கதோஷத்தில் நானாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பாதியாகக் குறைக்கச் சொல்லவில்லை.

"பேர்ச்சுன்னா?" என்றான் வீரமலை. "ஏழு பேர்ச் நாலு சென்டுக்கு மேல வரும்" என்று நானா விளக்கினார். வீரமலையின் பெண்சாதி கதவோரம் நின்று, "இந்த வீட்டு மண்ணு ரெண்டு சென்டுதாங்க. அப்ப நீங்க எங்கள விடப் பெரிய ஆளுங்கதான?" என்றாள். எல்லாருமாகச் சிரித்துவிட்டு அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில், "கவலயா மச்சான்?" என்றார் நானா.

"நாப்பது ஏக்கர் போச்சே நானா."

"இல்லாதது எப்பிடிப் போற? ஈக்கிறதப் போக விடாமப் பாத்துக்கோங்க."

திருச்சியிலிருந்தே பாக்கியத்துக்குப் போன் போட்டு, "காணிக்கு சம்மதம்னு சொல்லிரு" என்றேன். "நானாகிட்டக் குடுங்க போன" என்றாள். அவர் சொன்ன பிறகுதான் நம்பினாள்.

தைக்கு முன்னே துண்டு எங்களுடையதானது. அதில் நாங்கள் கட்டிய வீட்டைப் போல நுவரெலியா மாவட்டத்திலேயே ஒரு வீடு கிடையாது. பால் காய்ச்சிய அன்று சோனாவாரியாக மழை. நானா தன் கடையிலிருந்து திரைச்சீலைத் துணி கொண்டுவந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை என்று திருப்தியான பிறகுதான் வந்து உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க மச்சான் கதய" என்றார். அவர் என் கதைக்கு விரோதி என்று நினைத்தவர்கள் உண்டு. அவரைப் போல ஆசையாக அதைக் கேட்டவர் யாரும் இல்லை. அந்த வாரமே வீரமலை போன் எடுத்து, ஓடு மாற்றிவிட்டதாகச் சொன்னான்.

கடைசியாக அவரைப் பார்த்தது வீட்டில், படுக்கையில். பிள்ளைகள் சுற்றி நின்று, பெருநாளைக்கு வாப்பா கடைக்கு வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானா அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "மச்சான், நான் எழும்புவனா?" என்று என்னைக் கேட்டார். ஊரே பொய்க்காரன் என்று சொல்லும் என்னை.

"இல்ல நானா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. "இப்ப சொல்லுங்க கதய" என்றார். விமானம் என் பக்கம் சாய்ந்ததையும், விமானி கியர் கேட்டதையும், கடைசியில் நானே கொஞ்ச தூரம் ஓட்டியதையும் சொன்னேன். கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டே, "பாதியா" என்றார். எனக்கு அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

அந்தச் சொல்லை நான் வைத்துக்கொண்டேன். இனி அவர் இல்லாத கடையில், அந்த முக்காலியில் உட்கார்ந்து நானே குறைத்துக்கொள்வேன். படிக்கிறவர்கள் நான் எழுதியதில் லொறியையும் விமானத்தையும் கூட்டத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஏழு பேர்ச்சையும் ஹனீபா நானாவையும் மட்டும் குறைக்காதீர்கள்.