வாள் பிடித்த பெண்களும் மாட்டுங்கா வாடிக்கையாளர்களும்

புத்தகக் கடை வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பது என்று நினைப்பவர்கள், ஒரு சனிக்கிழமை எங்கள் கடைக்கு வந்து என் இடத்தில் நின்று பார்க்கலாம்.

மும்பையில், மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள கடை. பதினோரு வருடமாக இளையோர் பிரிவு என் பொறுப்பு. டிராகன், மாயக்காடு, மந்திரக் கப்பல் எல்லாம் என் அலமாரியில்தான். அதிலும் பெண் நாயகியாக வரும் கதை என்றால் எனக்கு உயிர். விற்கிற சரக்கின் மேல் ஆசை வைக்கக் கூடாது என்பாள் பாண்டுப்பில் சேலைக்கடை வைத்திருக்கும் என் அண்ணி. நான் வைத்துவிட்டேன். மகளுக்கு இந்த மாதிரிப் புத்தகம் வாங்கிக் கொடுத்து வீட்டில் பேச்சு வாங்கியவர்கள், பிடித்த நாயகியைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா இல்லாத பெண்

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் பதிமூன்று வயது மகளோடு வந்தார். "இவளுக்கு ஒரு புக் வேணும். பொண்ணைப் பத்தின கதையா இருக்கட்டும். தைரியமா இருக்கணும், ஆனா ரொம்ப எதிர்த்துப் பேசப்படாது" என்றார். எதிர்த்துப் பேசாத தைரியம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாயை மூடிக்கொண்டு, எனக்குப் பிடித்த ஒரு கொல்லன் மகளின் கதையை எடுத்துக் கொடுத்தேன். ஊரை எரித்த டிராகனைத் தேடித் தனியாக மலையேறுகிறவள். மகள் நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமி எட்டிப் பார்த்து, "இவ அம்மா எங்கே?" என்று கேட்டார். முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுவாள் என்றேன். இந்தக் கதைகளில் பல அம்மாக்களின் கதி அதுதான். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மாமி வருத்தப்படவில்லை. மகள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "அதானே பார்த்தேன். அம்மான்னு ஒருத்தி இருந்திருந்தா இவளை மலைக்கு விட்டிருப்பாளா? அம்மா உசிரோட இருக்கற கதையா ஒண்ணு குடுங்கோ."

அடிப்பாளா, மாட்டாளா?

கல்லூரிப் பெண்கள் கேட்பது வேறு மாதிரி. "ஸ்ட்ராங் ஃபீமேல் கேரக்டர் இருக்கற புக் இருக்கா ஆன்ட்டி?" ஆண் நாயகனைக் கேட்கும்போது யாரும் 'ஸ்ட்ராங்' சேர்ப்பதில்லை. அவன் சும்மா நின்றாலே போதும். பெண்ணுக்கு மட்டும் பலசாலி என்று சான்றிதழ் வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அப்படிக் கேட்ட ஒருத்தியிடம், பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியின் கதையைக் கொடுத்தேன். எதிரி நாட்டிலிருந்து தப்பி ஓடும் ஆயிரம் பேரை, ஐந்து காவல் வாசல்களிலும் பேசிப் பேசியே எல்லை கடத்திக் கொண்டுபோகிறவள். பயந்தவள்தான், ஆனால் எந்த வாசலிலும் அவள் குரல் நடுங்காது. அதைவிடப் பலம் என்ன வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஓகே ஆன்ட்டி, அவ யாரையாச்சும் அடிப்பாளா மாட்டாளா?" என்றாள்.

பையனுக்கு எதற்கு?

ஒரு அப்பா, பத்து வயது மகன். மகன் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு மாலுமிப் பெண்ணின் கதை. அப்பா அட்டையைப் பார்த்தார். "யே லட்கிலோக் கா புக் ஹை", பெண்பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்று இந்தியில் சொல்லி, தானே அலமாரியில் திருப்பிச் சொருகினார். பெண்பிள்ளைகள் இத்தனை காலமாக ஆண் நாயகர்களைப் படித்து வளர்ந்தார்களே, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? அதைத்தான் கேட்டேன். "உங்களுக்குப் புரியாது மேடம். ஸ்கூல் பஸ்ஸுல பசங்க கிண்டல் பண்ணுவாங்க. அப்ப இவனை யார் காப்பாத்துவா?" என்றார்.

மகன் அலமாரியைப் பார்த்தபடியே சொன்னான்: "அவளே காப்பாத்துவா, பப்பா. முதல் சாப்டர்லயே ஒரு கப்பல் நிறைய ஆளைக் காப்பாத்திட்டா."

முகம் மாறிய கதை

இதை எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. ஒரு நாயகிக்கு இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு. அதை மறைக்க ஒரு சூனியக்காரி அவளுக்கு அழகான முகமூடி தருகிறாள். அவள் அதை ஆற்றில் எறிந்துவிட்டு நடக்கிறாள். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய அட்டையில் தழும்போடுதான் இருந்தாள். புதிய பதிப்பு வந்து பெட்டியைப் பிரித்தால், பளிங்கு மாதிரிக் கன்னம், காற்றில் பறக்கும் கூந்தல். பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதியிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன். "தழும்பு கதைக்குள்ள இருக்கே மேடம், அட்டையில எதுக்கு?" என்றார். ஆற்றில் எறிந்த முகமூடியை இவர்களே நீந்திப் போய் எடுத்துவந்து அவளுக்கு மாட்டிவிட்டார்கள்.

விக்ரோலியிலிருந்து வரும் நிர்மலா ஒரு நர்ஸ். சின்ன வயதில் ஸ்டவ் வெடித்து, காதிலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கியிருக்கும். துப்பட்டாவை எப்போதும் அந்தப் பக்கம் இழுத்துவிட்டிருப்பாள். பழைய பதிப்பை வாங்கிப் போனவள், அடுத்த முறை வரும்போது துப்பட்டாவைத் தோளில் சாதாரணமாகப் போட்டிருந்தாள். பிறகு ஒருநாள், தங்கைக்குப் பரிசளிக்க இன்னொரு பிரதி கேட்டு வந்தாள். வேறு வழியில்லாமல் புதிய அட்டையை நீட்டினேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இவங்க யாரு அக்கா? நான் நம்ம ஆளையில்ல கேட்டேன்" என்றாள்.

சமையல் குறிப்புக்குப் பக்கத்தில்

எங்கள் முதலாளி நல்ல மனிதர். புத்தகம் மட்டும் படிக்க மாட்டார். மகளிர் தினம் வந்தால் என் வீராங்கனைகளுக்கெல்லாம் ரோஸ் ரிப்பன் கட்டி, சமையல் புத்தகங்களுக்கும் கோலப் புத்தகங்களுக்கும் நடுவில் அடுக்கச் சொல்வார். மூன்று வருடம் பொறுத்தேன். நான்காவது வருடம், அவர் சாப்பிடப் போன நேரத்தில் ரிப்பனை அவிழ்த்து, எல்லாவற்றையும் போர் வரலாற்று அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

செம்பூரிலிருந்து வரும் மணி சார், ராணுவத்தில் கிடங்குப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டையில் கோட்டை முற்றுகையைப் பார்த்துவிட்டு, உண்மையான போர் என்று நினைத்து ஒன்றை வாங்கிப் போய்விட்டார். பத்து நாள் கழித்து அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பதினேழு வயதுப் பெண் படைக்குத் தலைமை தாங்குகிற கதை. திட்டு விழும் என்று தயாராக இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோட்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி குதிரைக்குப் புல்லு இருக்கான்னு கேக்கறா இந்தப் பொண்ணு. எங்க ஆபீசர் ஒருத்தருக்குக் கடைசிவரை அது தோணலை. ரெண்டாம் பாகம் எங்கே?"

கப்பலை யார் ஓட்டுவார்?

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் காதர் பாய். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் மகள் ஷமீமா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, கடற்படை நடத்தும் ஒரு பெண் தலைவியின் கதையை மூன்று பாகமும் எங்களிடம்தான் வாங்கினாள். ஒருநாள் பாயே துணியில் சுற்றிய மூட்டையோடு வந்தார். "இது இங்க வாங்குனதுதானே தங்கச்சி?" அப்பாக்கள் புத்தகத்தோடு வந்தால் சண்டை என்று அர்த்தம். மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

பிரித்துக் காட்டினார். படித்துப் படித்துப் பிய்ந்துபோன முதல் பாகத்தை அவரே தோல் வைத்துத் தைத்திருந்தார். பதிப்பகத்தார் பார்த்தால் வெட்கப்படுவார்கள். "எனக்கு இங்கிலீசு தெரியாது. நான் தைக்கும்போது எம் மவ பக்கத்துல இருந்து கதை சொல்லுவா. பட்டறையில எல்லாவனும் மிசினை நிறுத்திட்டுக் கேப்பான்" என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். மூன்றாம் பாகத்தின் முடிவில் தலைவி இளவரசனைக் கல்யாணம் செய்துகொண்டு, அரண்மனைத் தோட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். ஷமீமா கப்பல் எஞ்சினியரிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். கதையைப் படித்து முடித்த அன்றைக்கு அதை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாளாம். "கதையிலயே கப்பலோட்ட விடமாட்டேங்கான் வாப்பா, நெசத்துலயா விடுவான்" என்றாளாம்.

முடிவு அப்படி இல்லாத வேறு ஒரு கதையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். விண்ணப்பத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, பாயே மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரியில் கொடுத்தார் என்பதும், அவள் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் லேசில் கிளம்பவில்லை. மூன்றாம் பாகத்தின் பின்னட்டையில் இருந்த எழுத்தாளர் படத்தை விரலால் தட்டிச் சொன்னார்: "இவரு விலாசம் இருந்தா குடுங்க தங்கச்சி. ரெண்டு பாகம் கப்பல் ஓட்டுனவளப் பூப்பறிக்க வச்சுட்டாரே, இனி அந்தக் கப்பலை யாரு ஓட்டுவான்னு கேக்கணும்."

அரக்கனையும் சூனியக்காரியையும் இந்தப் பெண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். எழுதுகிறவர், அட்டை போடுகிறவர், வாங்கித் தருகிறவர் ஆகிய மூவரையும் சமாளிக்கத்தான் என்னைப் போல ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கிறது.