யானை உடைத்த சீதன வீடு

எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அது வாப்பாவின் சட்டம். உடுப்புகளைக் கொடியில் போட்டோம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதிரையில் சாய்த்து வைத்து, குனிந்து நின்று தலை சீவினோம். வீடு என்று சொன்னாலே வாப்பாவுக்கு ஆகாது, "இது கேம்ப்" என்பார். கிடுகுக் கூரை போய் ஓட்டுக் கூரை வந்த பிறகும், தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகும் அது கேம்ப்தான். நான் ஒருநாள் ஆணியும் கையுமாக நின்றபோது ஓடிவந்து பிடுங்கினார்.

"போற நேரத்துல ஆரு கழட்டுற?"

போவதென்றால் மன்னாருக்கு. தொண்ணூறில் இயக்கம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. தமிழ் பேசுகிறவர்களுக்குத் தனிநாடு கேட்டவர்கள், தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாத என் வாப்பாவைப் பிடித்து நாடு கடத்தினார்கள். நாடு கடைசிவரை கிடைக்கவில்லை. கடத்தல் மட்டும் ஒழுங்காக நடந்து முடிந்தது. வாப்பாவும் உம்மாவும் வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். நான் அதற்குப் பிறகு புத்தளத்தில் பிறந்தவள். எங்கேயிருந்தும் ஓடி வராத அகதி.

புத்தளத்துச் சனங்கள் அன்றைக்குப் பள்ளிவாசலைத் திறந்து விட்டார்கள், சோறு சமைத்துத் தந்தார்கள். அதை மறந்தால் நாங்கள் மனிதர்களே இல்லை. ஆனால் காலம் போகப் போக, குழாயடியில் "இவங்க எப்பதான் போவாங்க?" என்ற கதை தொடங்கியது. வந்த விருந்தாளி வருஷக்கணக்காக எழும்பாவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வாப்பாவும் காலையில் எழும்பினால் அதே கேள்வியைத்தான் கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் ஊர்க்காரர்களும் அவரும் ஒரே கட்சி.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடா. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களைப் படகில் உச்சமுனைப் பக்கம் கொண்டுபோய் விடுகிற வேலை. எனக்கு அவரை ஏற்கெனவே பிடித்திருந்தது. எப்படி என்று வாப்பா கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

எங்கள் ஆட்களிடம் பெண்ணுக்கு ஒரு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லை என்றால் கல்யாணமும் இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா, இப்போது என் மாமி, எங்கள் மண்தரையைப் பார்த்தார், கதிரையில் குந்தியிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"நானா, சீதன வீடு எங்க?" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"கல்வீடு கட்டித் தாறன்," என்றார் வாப்பா.

ஓர் ஆணிக்கே உயிரை விடுகிற மனிதர் கல்வீடு என்றதும் உம்மா வாயைப் பிளந்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அத்திவாரம் போட்டு முடிந்த பிறகுதான் எங்கே கட்டுகிறார் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. மன்னாரில், காடு மூடிக் கிடந்த எங்கள் பழைய வளவில்.

உம்மா பேசாத பேச்சில்லை. நானும் கத்தினேன். "அவருக்குக் கடல்ல வேல. காட்டுக்குள்ள படக எங்க ஓட்டுற?"

"நீ போய் இருந்தா மத்தவங்களும் வருவாங்க புள்ள. ஒருத்தராவது முதல்ல போகணும்."

அவர் திரும்பிப் போவதற்கு என் கல்யாணம்தானா கிடைத்தது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உப்பளத்தில் வெயில் குடித்து உழைத்ததையெல்லாம் அவர் கல்லும் மண்ணுமாக அங்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்.

வீடு முடிந்தது என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரை ஒரு வேனில் ஏற்றினார். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் உம்மாவும் பின் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். புத்தளம் டவுனைத் தாண்டியதும் மாமி திரும்பிப் பார்த்தார். வில்பத்துக் காட்டுக்குள் வேன் குலுங்கத் தொடங்கியதும், "நானா, நாங்க வீடு பார்க்கவா போறம், வேட்டைக்கா?" என்றார். வாப்பா, "இந்தா வந்துட்டு" என்றார். அதற்குப் பிறகும் நெடுநேரம் வரவில்லை.

கடைசியில் வந்தது. பற்றைக்காட்டுக்கு நடுவே பச்சைப் பெயின்ட் அடித்த அழகான வீடு. அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சுற்றிப் பின்னால் போனால் குசினிச் சுவரைக் காணோம். மேசன்மார் விட்டுப்போன அரிசி மூட்டைக்காக முந்தின நாள் யானை வந்து இடித்துத் தள்ளியிருந்தது. வாசலில் யானை லத்தி கிடந்தது.

மாமி ஓட்டை வழியாகக் காட்டைப் பார்த்தார்.

"குடிபுகுறத்துக்கு மாப்பிள்ள முந்திட்டாரு போல."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். ஆனால் வாப்பா யாரையும் பார்க்காமல் குனிந்து, உடைந்த கற்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஆத்திரம் போகவில்லை, அழுகையும் வந்தது.

மாமிதான் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த வீட்ட நீங்க வெச்சிக்கோங்க, நானா. புத்தளத்து வீட்டப் புள்ளைக்குக் குடுங்க. தரைக்கு நாங்க சீமெந்து போடுறம்."

"அது வீடில்ல. கேம்ப்."

"ஆணி அடிச்சா வீடுதான்."

கல்யாணம் முடிந்த மறுநாள் என் கணவர் புத்தளத்து வீட்டுச் சுவரில் சேர்ட் தொங்கவிட ஓர் ஆணி அடித்தார். வாப்பா வெளியே எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் அவரும் உம்மாவும் மன்னாருக்குப் பயணமானார்கள். அவர் ஆசைப்பட்டபடியே முதல் ஆளாகப் போனார். பின்னால் சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. வந்தவர்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில். அங்கே தேத்தண்ணிக் கடையில் வாப்பாவுக்குப் பெயர் "புத்தளத்தார்". இங்கே என் பிள்ளைகளை இப்போதும் அகதியின் பேரப்பிள்ளைகள் என்கிறார்கள்.

போன மாதம் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். யானை இடித்த இடத்தில் இன்னும் தறப்பாள்தான் கட்டியிருக்கிறது. வாப்பா அன்றைக்கு அடுக்கிய கற்கள் அப்படியே பாசி பிடித்து நிற்கின்றன. உள்ளே உம்மா, கதிரையில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். அந்த முதுகோடு அவர் குனிவதைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்துக் கடையில் ஆணி வாங்கி வந்து சுத்தியலை ஓங்கினேன்.

வாப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வேணாம் புள்ள. நாங்க எப்பிடியும் புத்தளத்துக்கு வந்துருவம். போற நேரத்துல ஆரு கழட்டுற?"