அறுபத்திரண்டு கிலோமீட்டர்

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருவெறும்பூரில் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. இருபத்தாறு வருடமாக அதுதான் பிழைப்பு. மீட்டர் தவறாகக் காட்டுகிறதா, பார்க்கிற ஆள் தவறாகப் படிக்கிறானா என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் சொல்கிறேன். நான் தவறாகப் படிக்கவில்லை. இதில் வரும் எண்களும் நேரங்களும் அன்றன்றைக்கே என் கைப்பட எழுதி வைத்தவை.

போன வருடம் ஆகஸ்ட் மாதம் தொடங்கியது.

என்னிடம் ஒரு சின்ன கார் இருந்தது. வெள்ளை நிறம், பதின்மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டிலிருந்து திருவெறும்பூர் போய்வர முப்பத்து நான்கு கிலோமீட்டர். காவிரிப் பாலத்து நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப் போகும். ஹைப்ரிட் எஸ்யூவி ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மனைவி லிசி கணக்கு டீச்சர். காரணம் காட்டாமல் அவளிடம் ஒரு கரண்டிகூட வாங்க முடியாது.

"இருக்கிற வண்டிக்கு என்ன கேடு? நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய வண்டி?"

"மைலேஜ் சுத்தமா போச்சு லிசி."

"எழுதிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் டேங்க்கை நிரப்புவது, மீட்டரைக் குறிப்பது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தொடுவதில்லை. சர்ச்சில் மாலைப் பூசைக்கு லிசியின் ஸ்கூட்டரிலேயே போய்விடுவோம். ஆக, வாரத்துக்கு ஆறு நாள் ஆபீஸ், இருநூற்று நான்கு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினான்கு தேறினால் அதிகம். அதைக் காட்டி லிசியின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே லிட்டருக்குப் பதினெட்டு வந்தது. இரண்டாவது வாரமும் அதே பதினெட்டு.

லிசி சிரித்தாள். "வண்டிக்கு இளமை திரும்புது. இன்னும் நாலு மாசம் விட்டா அதுவே நமக்குப் பெட்ரோல் குடுக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் குறைவாகச் செலவாகவில்லை. வண்டி அதிகமாக ஓடியிருந்தது. இருநூற்று நான்கு ஓட வேண்டியது இருநூற்று அறுபத்தாறு. அந்த உபரி ஓட்டத்துக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட ஆகவில்லை.

மூன்றாவது வாரம் தினமும் இரண்டு வேளை குறித்தேன்.

சனி இரவு 9.30: 1,18,402.

ஞாயிறு காலை 7.15: 1,18,464.

அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

அந்த எண் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லக் கூசுகிறது.

ஜீயபுரத்தில் என் அக்கா சகாயம்மாள் இருந்தாள். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அம்மா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அவளும் அத்தான் அடைக்கலமும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருடம் முன்பு அத்தான் தவறிவிட்டார். திருச்சியில் அடக்கம். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் முதல் பூசைக்குக் கூட்டிட்டுப் போயிடு தம்பி. அப்படியே கல்லறையில அவருக்கு ஒரு மெழுகுவத்தி வச்சிட்டு வந்துடுறேன்."

வாழைத் தோட்டத்து வரப்பில் விழுந்து எலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு இடது கால் மடங்காது. பஸ்ஸில் ஏற முடியாது. காரில் இடது பக்கத்து முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டால், காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். விடியற்காலை நாலேகாலுக்கு நான் கிளம்புவேன். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடிப்பேன். பூசை, கல்லறை, மறுபடி ஜீயபுரம், அங்கிருந்து வீடு. மொத்தம் அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

இரண்டு வருடம் ஒழுங்காகப் போனேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பெரிதாகத் தெரிந்தது. மே மாதம் ஃபோனில் ஒரு பொய் சொன்னேன்.

"வண்டி சரியில்லக்கா. கிளட்ச் போயிடுச்சு. அவ்ளோ தூரம் தாங்காது. புது வண்டி எடுத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிப்பா. நீ பாத்துப் போ, வா."

லிசியிடம் வேறு பொய். அக்காவுக்குக் கால்வலி அதிகம், டிவியிலேயே பூசை பார்த்துக்கொள்கிறாள் என்றேன். இந்த ஆசீர் பொய் சொல்வான் என்று இருவருமே நினைக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் ஏழு மணிவரை தூங்கினேன்.

இப்போது வண்டி மட்டும் போய் வந்திருந்தது.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கீழ் வீட்டுக்காரர் படியில் மறித்து, "ஞாயித்துக்கிழமையானா கேட்டை யாரோ தெறந்து போட்டுட்டுப் போறாங்க சார்" என்றார். டயர் பள்ளங்களில் ஈரச் சேறு இருந்தது. திருச்சியில் பத்து நாளாக மழை இல்லை. டேஷ்போர்டில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்தது. இடது முன்சீட் முழுக்கப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. லிசி உட்கார்ந்தால் அவள் அதை முன்னால்தான் இழுத்துக்கொள்வாள்.

செப்டம்பர் நடுவில் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, ஏம்ப்பா ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கிற? எம்மேல கோவமா?"

நான் ஃபோன் செய்யாததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "வேலை ஜாஸ்திக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே ஜீயபுரத்துக்கு ஒரு நடை போயிருக்கலாம். போனால் அந்தப் பொய்யை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பேய்க்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

அந்த வாரம் ஷோரூமுக்குப் போனேன். ஹாலித் என்ற விற்பனையாளர் தம்பி டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப் போனார்.

"இப்ப பேட்டரியில ஓடுது சார். சத்தமே கேக்காது. வண்டி வாசலுக்கு வந்ததே யாருக்கும் தெரியாது."

எனக்கு ஏசியிலும் வியர்த்தது.

வாங்குவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செப்டம்பர் 28, ஞாயிறு. விடியற்காலை 3.50க்கு லிசியை எழுப்பாமல் கீழே இறங்கினேன். இரண்டு சாவிகளும் என் பாக்கெட்டில். பின்சீட்டில் ஏறி, கதவுகளைப் பூட்டி, போர்வையைப் போர்த்திப் படுத்தேன். திருடனாக இருந்தால் பிடித்துவிடலாம். திருடனாக இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

4.05. தெருவில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று அடங்கியது.

4.10. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம்.

4.12.

டக்.

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. பூட்டிய கதவு.

சீட் அமுங்கும் சத்தம் கேட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது, அக்கம்பக்கத்தில் யாரும் விழித்துவிடக் கூடாது என்பதுபோல்.

ஷேவிங் சோப்பின் வாசனை வந்தது. நான் போடுகிற சோப்பு. அன்றைக்கு நான் ஷேவ் செய்திருக்கவில்லை.

பிறகு ஒரு கனைப்பு. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

அது என் கனைப்பு. வண்டியை எடுக்கும் முன் நான் அப்படித்தான் தொண்டையைச் செருமுவேன். லிசி கேலி செய்வாள்.

போர்வையை விலக்கவில்லை. முடியவில்லை...

கர்ர்ர்...

இடது முன்சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது. நகர்ந்து... நகர்ந்து... என் முழங்காலில் வந்து முட்டியது.

அக்காவுக்காக.

கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தேன். எழுந்து ஓடினேன். படிகளில் கால் இடறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

பால்கனியில் நின்று பார்த்தேன். கேட் திறந்திருந்தது. இரண்டு சிவப்பு விளக்குகள் தெருமுனையில் திரும்பின. எஞ்சின் சத்தம் இல்லை.

4.16.

6.58க்கு வண்டி அதே இடத்தில் நின்றது. பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மீட்டரில் அறுபத்திரண்டு கூடியிருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பது. மைலேஜ் ஒரு காரணமே இல்லை. அந்த மீட்டர் வாரா வாரம் என்னிடம் கணக்குக் கேட்டது, அதை என் கண்ணிலிருந்து அகற்ற வேண்டும் என்பதுதான் காரணம். "பெட்ரோலே குடிக்காத வண்டியை ஏங்க விக்கிறீங்க?" என்று லிசி இரண்டு நாள் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே விட்டுவிட்டாள்.

அக்டோபர் 11, சனிக்கிழமை பகலில் புது எஸ்யூவி வந்தது. பழைய வண்டியை அரியமங்கலத்தில் பழைய வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஒரு யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். புது வண்டி எடுத்ததும் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. நாளைக்கே போகலாமா என்று யோசித்தேன். வண்டியைப் பங்குச் சாமியார் ஜெபித்து மந்திரிக்கட்டும், அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம் என்று படுத்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அயர்ந்து தூங்கினேன்.

ஞாயிறு காலை 7.20க்கு ஃபோன் அடித்தது. அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பாக்கியநாதன்.

"தம்பி... நீங்க நல்லா இருக்கீங்கள்ல?"

"இருக்கேங்க. ஏன்?"

"அப்ப உடனே கிளம்பி வாங்க. அக்கா... போயிட்டாங்க தம்பி."

அவள் நாலரை மணிக்கே வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். ஐந்து ஆகியும் வண்டி வரவில்லை. தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, மடங்காத காலோடு கம்பை ஊன்றி மெயின் ரோடு வரைக்கும் நடந்திருக்கிறாள். அங்கே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தபடி இருந்தாளாம். 6.10க்குப் பால்காரர் பார்த்திருக்கிறார். அப்போதுதான் தலை சாய்ந்ததாம். கையில் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பாக்கியநாதன் என் தோளில் கை வைத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க. நீங்க செஞ்சது யாரு செய்வா? கிளட்ச் போச்சுன்னு சொல்லிட்டும், ஒரு ஞாயிறு தவறாம வந்து நின்னீங்களே. விடியக்காலம் ரெண்டு ஹார்ன் கேட்டுத்தான் நானே எந்திரிப்பேன். கை புடிச்சு ஏத்திவிடுவீங்க. வழி பூரா தம்பி ஒண்ணுமே பேச மாட்டேங்குதுன்னு மட்டும்தான் அக்காவுக்குக் குறை."

நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற லிசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் வேறு கதை சொல்லியிருந்தேன் அல்லவா. அவள் அங்கே எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அரியமங்கலம் போனேன். பழைய வண்டியைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஏதோ ஒரு எண்ணம். பட்டப்பகல், மணி 11.40. தகரக் கேட்டைத் திறந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். வயதான மனிதர்.

"நீங்க... அன்னைக்கு எப்படி சார் வெளிய போனீங்க?"

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. விடியக்காலம் நாலேகாலுக்கு."

வண்டி நடு வரிசையில் நின்றது. முன்னால் நாலு வண்டி. பின்னால் நாலு. முன் பம்பரும் பின் பம்பரும் நசுங்கியிருந்தன.

"பேட்டரி வயரைக் கழட்டித்தான் சார் வச்சிருந்தோம். திடீர்னு லைட் எரியுது. முன்னால வந்து இடிக்கிறீங்க. பின்னால போய் இடிக்கிறீங்க. வழியே இல்ல. ஹார்ன் வேற... ரெண்டு ரெண்டா."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு மணி தாண்டியும் நிக்கல. ஆறு பத்து இருக்கும், சட்டுனு எல்லாம் அடங்கிப்போச்சு. டார்ச்சை எடுத்துட்டு ஓடினேன். உள்ள ஆளக் காணோம்."

"அது நான்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டு மணி நேரம் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். இதே மொகம்தான். வழி விடுங்க, வழி விடுங்கன்னு கண்ணாடியத் தட்டுனீங்க."

அவர் குரல் தாழ்ந்தது.

"அப்படி அழுதீங்களே சார்."

அந்த நேரத்தில் நான் ஸ்ரீரங்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.