கடலுக்குப் போய்த் தூங்கியவள்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஓமன் நாட்டுக் கடற்கரை ஒன்றில், படுத்திருந்த பாயிலிருந்து துள்ளி எழுந்து நான் கத்தினேன்.

"தண்ணி வந்துருச்சு! குடத்த எடுங்க!"

எதிரே கடல். அது பாட்டுக்கு இருந்தது.

பக்கத்துப் பாயில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஷீஜா என்னைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். "ஆமா ஜெனி, வந்துட்டுதான் இருக்கு. ரொம்ப காலமா," என்றாள்.

ஷீஜா இங்கே என் சிநேகிதி, ஆலப்புழைக்காரி. கோயம்புத்தூரில் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவாள். அவளுக்கு அலைச் சத்தம் தாலாட்டு. நானோ திண்டுக்கல்காரி. எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். எந்த நேரத்தில் வரும்? அதைச் சொல்லக்கூடியவர் யாரும் கிடையாது. அதனால் தூக்கத்திலும் ஒரு காதைக் குழாயடியில் வைத்துவிட்டுப் படுப்பதுதான் எங்கள் வழக்கம். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் போதும், கனவில் இருந்தாலும் கால் தரைக்கு இறங்கிவிடும்.

நாடு விட்டு நாடு வந்தும் அந்தக் காது திருந்தவில்லை பாருங்கள்.

சிரித்தாயிற்றா? இனி, நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்... மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். வந்து பதினோரு மாதம் ஆகிறது. என் மகள் மெர்லினுக்கு நாலு வயது. திண்டுக்கல்லில் அவள் அப்பாவோடு இருக்கிறாள். அவர் பள்ளிக்கூட வாத்தியார். மாடியில் அவர்கள் இருவரும். கீழ் வீட்டில் அவருடைய அக்கா, அதாவது என் மதினி. அவர் ஸ்கூலிலிருந்து திரும்பும்வரை பிள்ளை மதினி கையில்தான்.

பிள்ளையை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். காரணங்களை முன்பே எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப எழுதினால் எனக்கே நம்பிக்கை போய்விடும்.

தினமும் இந்திய நேரம் மாலை ஐந்து மணிக்கு, இங்கே கிளினிக்கில் டீ இடைவேளையில், வீடியோ கால். பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால், கொஞ்ச நாளாக மெர்லின் போனுக்கு வருவதில்லை. "அம்மாட்ட பேசு பாப்பா" என்று அவர் கூப்பிட்டால், "பெறகு" என்கிறாள். திரையில் அவள் முதுகு தெரியும். சில நாள் ஒரு ரிப்பன் மட்டும் தெரியும். ரிப்பனோடு நான் பத்து நிமிடம் பேசிவிட்டு வைப்பேன்.

நாலு வயதுப் பிள்ளை அம்மாவை மறக்க எத்தனை நாள் ஆகும்? ரத்தத்தில் என்னென்னவோ கண்டுபிடிக்கிறேன். இதற்கு டெஸ்ட் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஷீஜா வீக் எண்டுக்குக் கடற்கரை போகலாம் என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். வரவில்லை என்றேன். பிள்ளையை அங்கே விட்டுவந்தவளுக்குக் கடற்கரை ஒரு கேடா? ஆனால், ரூமில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் மட்டும் நல்ல அம்மாவா? இப்படியே மூன்று நாள் ஓடியது. கடைசியில், ரிப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

"மெர்லி... சனிக்கிழம அஞ்சு மணிக்கு அம்மா உனக்குக் கடல் காட்டுறேன்."

ரிப்பன் திரும்பியது. முகம் வந்தது. "நெசமாவா?"

அவ்வளவுதான். கிளம்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சும்மா கடலுக்குப் போகிறவர் கிடையாது. நேர்ச்சை இருந்தால் வேளாங்கண்ணி; திதி கொடுக்க ராமேஸ்வரம். மொட்டை, முழுக்கு என்று ஏதோ ஒரு காரியம் இருக்கும். முடிந்ததும் அடுத்த பஸ். கல்யாணமான புதிதில் நானும் வேளாங்கண்ணி போனேன். மற்றவர்கள் கடலில் இறங்க, எல்லோருடைய செருப்புக்கும் காவலாகக் கரையில் நின்றேன். மஸ்கட்டில் ரோட்டிலிருந்து தெரிவதை விட்டால், அதுவரை நான் பார்த்த கடல் அந்த இருபது நிமிடக் கடல்தான்.

இந்தக் கடல் வேறு. பின்னால் மரமே இல்லாத மொட்டை மலைகள். முன்னால் நீலம்... நீலம் என்று சொன்னால் போதாது, நீலத்துக்குள் இன்னொரு நீலம். முழங்கால் வரை இறங்கலாம் என்று போனேன். ஓர் அலை வந்து தலைவரை குளிப்பாட்டிவிட்டுப் போனது. டிசம்பர் காற்று. குளிரில் கையிரண்டையும் நெஞ்சோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டேன். அதை ஷீஜா போட்டோ எடுத்தாள். ஒரு வார்த்தைகூட எழுதாமல் அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன்.

பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டிக் கரைக்குப் போனோம். ஆள் நடமாட்டம் இல்லை. சிக்னலும் இல்லை. மேலே ரோட்டோர மேட்டில் கிடைக்கும் என்றாள் ஷீஜா. சரி, நேரம் வரும்போது ஏறிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் சாப்பிட்டோம். பாயில் சாய்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது?

அலை வந்தது, போனது. ஒவ்வொரு தடவை போகும்போதும் என்னிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போனது. முதலில் கிளினிக் போனது. பிறகு சோதனைக் குழாய்கள், அவற்றில் ஒட்டிய பெயர்கள். பிறகு என் பெயர். மூடிய இமைக்குள் வெயில் பலாச்சுளை நிறத்தில் இருந்தது. மணல் முதுகைத் தாங்கிக்கொண்டது. யாரோ என்னைக் கையில் ஏந்தியிருப்பதுபோல. பதினோரு மாதத்தில், இல்லை, மெர்லின் பிறந்த நாளிலிருந்தே, நான் அப்படித் தூங்கியதில்லை.

பிறகுதான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. எழுந்து கத்தினேன்.

போனைப் பார்த்தேன். நாலு ஐம்பது. அப்பாடா! இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

"மெர்லினுக்குக் கடல் காட்டணும் ஷீஜா. அஞ்சு மணிக்கு."

ஷீஜா ஆரஞ்சை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "எந்த ஊர் அஞ்சு மணி?"

இந்தியாவில் அப்போது ஆறு இருபது.

மேட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது. மேலே போனதும் போன் கையில் துடித்தது. பதினோரு மிஸ்டு கால். அதில் ஒன்பது மதினியுடையது. கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"ஏ ஜெனி, மொட்ட கிட்ட போட்டுட்டியா?"

"மதினி, நான்..."

"போட்டோவப் பாத்தேன். தல நனைய, கையக் கூப்பிக் கண்ண மூடிக்கிட்டு நிக்கிற. எங்ககிட்டச் சொல்லாம என்னடி நேர்ச்ச? ரத்தம் பாக்குற வேல. உன் ரத்தத்தையே பாத்துட்டியா? என்னன்னு வந்துச்சு? மறைக்காத."

"ஐயோ, நேர்ச்ச ஒண்ணுமில்ல மதினி. குளுருச்சு. அதான் கைய அப்பிடி வச்சிருந்தேன்."

"அப்ப எதுக்குக் கடலுக்குப் போன?"

"சும்மா."

"சும்மான்னா?"

"போயி... தூங்கிட்டேன் மதினி."

"நான் இங்க கோயிலுக்கு ஓடி மெழுகுதிரி ஏத்திட்டு வந்திருக்கேன். இவ தூங்கிட்டாளாம்! தூங்குறதுக்கா அம்புட்டுத் தூரம் போன? ஏன்டி... அத இங்க வந்து தூங்கக் கூடாதா?"

அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரல் சரியில்லை. எனக்கும்தான்.

"பிள்ள எங்க மதினி?"

"அஞ்சு மணியிலருந்து போன மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நீ வரல. கடலக் காட்டுன்னு ஒரே அழுக. உன் வீட்டுக்காரன் வண்டியில தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டான். இந்தா, வந்துட்டாக."

என் வீட்டுக்காரர் போனை வாங்கினார்.

"எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"ரெட்டியார்சத்திரம் போற ரோட்டுல ஒரு கண்மா இருக்கில்ல? இந்த மழைக்கு நெறஞ்சு கெடக்கு. இதான் கடல்னு காட்டுனேன்."

"எதிர்க்கரை தெரியுமே!"

"தெரிஞ்சுச்சு. அம்மா அங்கதான் இருக்குன்னு சொன்னேன்."

கணக்கு வாத்தியார். பிள்ளைகளுக்குத் தப்பாக எதையும் சொல்லித்தராதவர்.

"செத்த இரு, பேசுறா," என்று வீடியோவைப் போட்டுப் போனைக் கொடுத்தார். திரையில் முகம் வந்தது. ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கன்னத்தில் அழுத கோடு.

"அம்மா, நான் கை காட்டுனேன். ரொம்ப நேரம் காட்டுனேன். நீ பாக்கவே இல்ல. துணி தொவச்சுக்கிட்டே இருந்த."

எனக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கரையில ஒரு பொம்பள துணி தொவச்சுக்கிட்டிருந்துச்சு. நீன்னு நெனச்சுட்டா."

முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கரையில் என் மகள் கையாட்டுகிறாள். தூரத்திலிருந்து பார்த்தால் நான் அப்படித்தான் தெரிகிறேனா?

வாயில் மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. பார்த்தேன் பாப்பா. வேலை வந்துவிட்டது பாப்பா. போன் கெட்டுவிட்டது பாப்பா. மூன்றுமே நல்ல பொய்கள். எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

"மெர்லி, அது அம்மா இல்ல. அம்மா இந்தக் கரையில தூங்கிட்டேன். உன்னக் கூப்புடுறேன்னு சொல்லிட்டு, தூங்கிட்டேன்."

அவள் யோசித்தாள்.

"தொவச்சுத் தொவச்சு டயர்டா?"

"...ஆமா."

"சரி. கடலக் காட்டு."

போனைத் திருப்பினேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடல் நீலத்தை எல்லாம் மடித்து வைத்துவிட்டுச் சாம்பலும் ரோஜாவுமாகக் கிடந்தது. கீழே ஷீஜா என் ஒற்றைச் செருப்பை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தாள். மெர்லின் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தெரிந்த இடத்தைக் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள்:

"அதே தண்ணிதான். உன் பக்கம் பெருசா இருக்கு."

திருத்தலாமா? இது கடல், அது கண்மாய், நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் என்று ஒரு பொறுப்பான அம்மா சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒரே தண்ணீருக்கு அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. அந்தக் கணக்கில் தூரம் ரொம்பக் குறைவாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சரியா, தப்பா? தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

"நீ தூங்கும்மா. நான் நாளைக்குக் கை காட்டுறேன்," என்று அவளே போனை வைத்துவிட்டாள்.

மதினி இன்னும் நம்பவில்லை. நேர்ச்சை எதுவும் இல்லாமல் ஒருத்தி கடலில் தலை நனைப்பாளா என்பதுதான் அவர் கட்சி. ஏற்றிய மெழுகுதிரி வீணாக வேண்டாம் என்று, "அவ நல்லாத் தூங்கணும்" என்று மாதாவிடம் வேண்டுதலை மாற்றிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, இந்திய ஐந்து மணிக்கு, கிளினிக்கிலிருந்து கூப்பிட்டேன். ரிப்பன் இல்லை, முதுகு இல்லை. திரை நிறைய முகம். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்:

"துணியெல்லாம் காஞ்சிருச்சாம்மா?"